விசா வேண்டாம், ஆனால் அனுமதி வேண்டும்

வெளிநாட்டுப் பயணம் என்பது ஒரு காலத்தில் பெரிய மொத்த வியாபாரிகளுக்கு மட்டுமே உரிய காரியமாக இருந்தது. இன்று நிலைமை அப்படியில்லை. கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருப்பவர் மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு மான்செஸ்டர் போகிறார். மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை நடத்துபவர் மைத்துனர் வீட்டுத் திருமணத்துக்கு லண்டன் போகிறார். மசாலைத் தூள் அரைத்து விற்கும் சிறு தொழில்காரர்கள்கூட அங்குள்ள உணவுக் கண்காட்சிகளை ஒரு முறை பார்த்துவிட்டு வரலாமே என்று கிளம்புகிறார்கள்.

கடையை யாரிடம் ஒப்படைப்பது, சாவி யாரிடம் இருப்பது, சரக்குக்காரர்களுக்குத் தர வேண்டிய செக்குகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைப்பதா என்றெல்லாம் பத்து நாள் யோசிக்கிற நாம், பயணத்துக்கான பத்திரங்களைப் பற்றி யோசிப்பது டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான். அதிலும் பிரிட்டன் என்றால் யோசிப்பதே இல்லை. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு அங்கே விசா தேவையில்லை, ஆறு மாதம் வரை இருக்கலாம் என்பது அப்பா காலத்திலிருந்து நம் மனத்தில் பதிந்துபோன விஷயம்.

விசா தேவையில்லை என்பது இன்றும் உண்மைதான். ஆனால் 2025 ஜனவரி 8 முதல் கடப்பிதழ் மட்டும் போதாது. புறப்படுவதற்கு முன்பே கணினி வழியாகவோ கைத்தொலைபேசி வழியாகவோ விண்ணப்பித்து ‘மின்னணுப் பயண அனுமதி’ ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும். சுருக்கமாக ஈடிஏ என்கிறார்கள். இதைப் பற்றி நம் உறுப்பினர்களிடையே இரண்டு விதமான எண்ணங்கள் உலவுகின்றன. சிலர் இதை விசா என்றே நினைத்துப் பயந்துபோய், யாரிடமாவது பணத்தைக் கொடுத்து முடித்துவிடப் பார்க்கிறார்கள். வேறு சிலர் வெறும் பத்து நிமிட வேலை என்று வீட்டுப் பையனிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டுக் கல்லாவுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டும் சரியில்லை என்பதே நம் கருத்து. விண்ணப்பம் எளிது. அதில் நாம் சொல்லும் பதில்களும், அனுமதி கிடைத்த பிறகு அந்த நாட்டில் நாம் செய்யும் காரியங்களும்தான் கவனமாக இருக்க வேண்டியவை.

எப்படி வந்தது இந்த ஏற்பாடு

பிரிட்டன் இதை ஒரே நாளில் எல்லார் மீதும் சுமத்தவில்லை. 2023 நவம்பரில் கத்தார் நாட்டவர்களைக் கொண்டு தொடங்கியது. 2024 பிப்ரவரியில் மற்ற வளைகுடா நாடுகளும் ஜோர்தானும் சேர்ந்தன. 2025 ஜனவரி 8இல் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளுக்கும், அதே ஆண்டு ஏப்ரல் 2இல் ஐரோப்பிய நாட்டவர்களுக்கும் இது விரிந்தது. தொடக்கத்தில் சற்றுக் கண்ணை மூடிக்கொண்டு விட்டார்கள். 2026 பிப்ரவரி 25 முதல் அந்தச் சலுகையும் போய்விட்டது. அனுமதி இல்லாதவரை விமானத்தில் ஏற்றக்கூடாது என்பது விமான நிறுவனங்களுக்கு இப்போது கண்டிப்பான விதி. அதாவது தடை ஹீத்ரோவில் வருவதில்லை. நம் கேஎல்ஐஏ முகப்பிலேயே வந்துவிடும். பெட்டியைத் தராசில் வைத்த பிறகு, வழியனுப்ப வந்த உறவினர் முன்னிலையில், திரும்பி வீட்டுக்குப் போகச் சொன்னால் டிக்கெட் பணம் மட்டுமா நஷ்டம்? திருமணத்துக்குப் போகிறவருக்கு முகூர்த்தம் காத்திருக்குமா?

இங்கே ஒரு பழைய செய்தியையும் நினைவூட்ட விரும்புகிறோம். 2008இல் பிரிட்டன், விசா இல்லாமல் வந்துபோகும் நாடுகளை எல்லாம் ஒரு முறை அலசிப் பார்த்து, பதினொரு நாடுகளுக்கு ‘இனி உங்களுக்கும் விசா வைக்க வேண்டியிருக்கும்’ என்று எச்சரிக்கை கொடுத்தது. அந்தப் பட்டியலில் மலேசியாவும் இருந்தது. சுற்றுலா என்று போய்விட்டுத் தங்கி வேலை பார்த்தவர்கள் அதற்கு ஒரு காரணம். 2009இல் முடிவு வந்தபோது நாம் தப்பினோம். தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட சில நாடுகள் தப்பவில்லை. அண்மையில் ஜோர்தானுக்கும் அதே கதிதான். 2024 பிப்ரவரியில் அவர்களுக்குக் கிடைத்த ஈடிஏ சலுகை, தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற காரணத்தால் அதே ஆண்டு செப்டம்பரில் பறிக்கப்பட்டு, மீண்டும் விசா என்றாகிவிட்டது. ஒரு தெருவில் இரண்டு கடைக்காரர்கள் எடையில் கைவைத்தால் தெரு முழுவதற்கும் பெயர் கெடுவது போலத்தான் இதுவும்.

கட்டணமும் போலிக் கதவுகளும்

விண்ணப்பிக்க இரண்டு வழிகள்தாம் உண்டு. ஒன்று, பிரிட்டிஷ் அரசின் ‘யூகே ஈடிஏ’ என்ற கைத்தொலைபேசிச் செயலி. மற்றது, அரசின் இணைய முகவரி. அந்த முகவரி ஜி, ஓ, வி, புள்ளி, யூ, கே என்று முடியும். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை அழகான சொற்கள் இருந்தாலும் இந்த எழுத்துகள் இல்லையென்றால் அது அரசின் கதவு இல்லை.

கட்டணம் முதலில் 10 பவுண்டாக இருந்தது. 2025 ஏப்ரல் 9 முதல் 16 பவுண்டு ஆனது. 20 பவுண்டாக உயர்த்தும் எண்ணத்தையும் அந்த அரசு அறிவித்தது. ஆகவே விண்ணப்பிக்கும் அன்று செயலியில் என்ன தொகை காட்டுகிறதோ அதையே கணக்கில் கொள்ளவும். எப்படியும் நம் பணத்தில் நூறு ரிங்கிட்டைச் சுற்றி நிற்கும் தொகைதான். வங்கி அட்டையால் செலுத்த வேண்டும். அனுமதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது.

நூறு ரிங்கிட் வேலைக்கு முந்நூறு, நானூறு கொடுத்துவிட்டு வருகிறவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொட்டதால்தான். கொடியும் கிரீடமும் போட்ட பக்கம் திறக்கும். அரசுப் பக்கம் போலவே கேள்விகள் வரும். கடைசியில் ‘துரித சேவைக் கட்டணம்’ என்று ஒரு தொகை சேரும். துரித சேவை என்று அரசு தனியாக எதையும் விற்கவில்லை. விண்ணப்பம் அதே வரிசையில்தான் போகிறது. பணம் போனதுகூடப் பரவாயில்லை. கடப்பிதழின் படம், முகத்தின் படம், அட்டை எண் மூன்றையும் யாரென்றே தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வருகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாதவனுக்குக் கடைச் சாவியைக் கொடுப்போமா?

பயண முகவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்களும் வணிகர்களே. கணினி பழக்கமில்லாத ஒரு பெரியவருக்கு உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்து, அதற்குக் கூலி இவ்வளவு என்று ரசீதில் எழுதி வாங்கினால் அது நேர்மையான தொழில். அப்படிச் செய்வதைப் பிரிட்டிஷ் விதியும் அனுமதிக்கிறது. ஒருவருக்காக மற்றொருவர் விண்ணப்பிக்கலாம். ஆனால் நிரப்பியவர் யாராக இருந்தாலும் பதில்களுக்குப் பொறுப்பு பயணம் செய்பவருடையது. முகவர் அலுவலகத்தில் நிரப்பினாலும், அனுப்புவதற்கு முன் திரையை ஒரு முறை படித்துக் காட்டச் சொல்லவும். மின்னஞ்சல் முகவரியும் உங்களுடையதோ உங்கள் பிள்ளையுடையதோ ஆகட்டும். முடிவு அந்த முகவரிக்குத்தான் வரும்.

பெரும்பாலோருக்கு ஒரு நாளுக்குள் பதில் வந்துவிடுகிறது. இருந்தாலும் மூன்று வேலை நாள் வரை ஆகலாம், சிலவற்றில் இன்னும் கூடுதலாகவும் ஆகலாம் என்று அரசே சொல்கிறது. வெள்ளிக்கிழமை இரவு விமானம் என்றால் வியாழக்கிழமை மாலை கடை மூடிய பிறகு உட்காரலாம் என்று இருந்துவிட வேண்டாம். டிக்கெட் எடுக்கும் வாரத்திலேயே இதையும் முடித்து வைப்பது நல்லது.

கிடைத்த அனுமதி இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் வரை இருக்கலாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அனுமதி ஆளின் மீது எழுதப்படுவதில்லை, கடப்பிதழ் எண்ணின் மீது எழுதப்படுகிறது. அந்தக் கடப்பிதழ் காலாவதியானால் அனுமதியும் அன்றே முடிந்துவிடும். நம் கடப்பிதழ் ஐந்து ஆண்டுகளுக்குத்தான். எட்டு மாதமே மீதமுள்ள கடப்பிதழில் அனுமதி வாங்கினால் இரண்டு ஆண்டுக்கான பணத்தைக் கொடுத்து எட்டு மாதச் சரக்கை வாங்கியது போல ஆகிவிடும். அதைவிட மோசம், இடையில் குடிநுழைவுத் துறையில் கடப்பிதழைப் புதுப்பித்துவிட்டு, பழைய அனுமதி இருக்கிறதே என்று விமான நிலையம் போவது. புதுக் கடப்பிதழுக்குப் புது அனுமதி வேண்டும். ஆகவே முதலில் கடப்பிதழ், பிறகு ஈடிஏ என்ற வரிசையை மாற்ற வேண்டாம்.

குழந்தைகளுக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் அப்படியே. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு விண்ணப்பம், நான்கு கட்டணம்.

‘ஏ/எல்’, ‘ஏ/பி’ சங்கடம்

நம்மவர்களுக்கென்றே உள்ள ஒரு தொல்லையை இங்கே சொல்லாமல் விட முடியாது. நம் கடப்பிதழில் பெயரும் தந்தை பெயரும் ஒரே வரியில், நடுவில் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ என்ற மலாய்ச் சுருக்கத்தோடு இருக்கும். இன்னார் மகன், இன்னார் மகள் என்பது நமக்குப் புரியும். வெளிநாட்டுப் படிவங்களுக்குப் புரியாது. அவை குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று இரண்டு கட்டங்களில் கேட்கும். இடையிலுள்ள சாய்கோட்டைப் பல படிவங்கள் ஏற்பதே இல்லை. விமான டிக்கெட்டிலும் அந்தக் கோடு வராது. சில வேளைகளில் இரண்டு எழுத்தும் பெயரோடு ஒட்டிக்கொண்டு வேறு ஏதோ பெயர் போல நிற்கும்.

இதற்கு ஒரு வழி, கடப்பிதழின் படப் பக்கத்தில் கீழே அம்புக்குறி அம்புக்குறியாக இரண்டு வரி அச்சாகியிருக்கிறதே, அதைப் பார்ப்பது. கணினி படிப்பது அந்த வரிகளைத்தான். அங்கே சாய்கோடு இருக்காது. செயலியில் கடப்பிதழைப் படம் எடுத்தால் அந்த வரிகளிலிருந்து பெயரையும் எண்ணையும் அதுவே நிரப்பிக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது, நிரப்பியது சரியா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது. கையால் தட்டுகிறவர்கள் கடப்பிதழ் எண்ணை இரண்டு முறை பார்க்கவும். ஆங்கில ‘ஓ’வும் பூச்சியமும் ஒன்றுபோலத் தெரியும். நம் கடப்பிதழ் எண்ணில் முதலில் ஒரே ஓர் எழுத்து, பிறகு எட்டும் எண்களே என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் அந்த அனுமதி வேறு யாருடைய கடப்பிதழுக்கோ வாங்கியதாகிவிடும். விமான நிறுவனத்தின் கணினி உங்கள் கடப்பிதழைப் படித்துவிட்டு அனுமதி இல்லை என்றே சொல்லும்.

கேள்விகளுக்குப் பதில்

தொழில் என்ன என்று கேட்டால் கடை நடத்துகிறேன் என்றே சொல்லலாம். ‘மேலாளர்’, ‘இயக்குநர்’ என்று பெருக்கிச் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அடுத்து வருவது குற்றத் தண்டனை பற்றிய கேள்வி. இதில்தான் சிலர் தடுமாறுகிறார்கள்.

நகராண்மைக் கழகம் கொடுத்த கம்பவுண்டை முகப்பில் கட்டித் தீர்த்துக்கொண்டது ஒன்று. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்க் குற்றவாளி என்று தீர்ப்பாகி அபராதமோ சிறையோ விதிக்கப்பட்டது வேறு. கம்பவுண்டு கட்டியதை நீதிமன்றத் தண்டனையாக நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பு இருந்தால் அதை மறைக்கக் கூடாது. பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றிருந்தாலும், கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் ஏதேனும் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டிருந்தாலும் ஈடிஏ கிடைக்காது என்பது விதி. அப்படிப்பட்டவர் முறையாக விசாவுக்கு விண்ணப்பித்து, நடந்ததை விளக்கிச் சொல்லலாம். விசாக் கட்டணம் நூறு பவுண்டுக்கு மேல், அதிகம்தான். ஆனாலும் பொய்ப் பதில் சொல்லிப் பிடிபட்டால் அது பதிவில் நின்று, பின்னால் எந்த விண்ணப்பத்திலும் தலைகாட்டும். ஈடிஏ மறுக்கப்பட்டால் மேல்முறையீடும் கிடையாது. சந்தேகம் இருந்தால் தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது மலிவு.

மாமா கடையில் கைகொடுக்கலாமா?

இனிமேல் சொல்லப்போவது மளிகைக்காரர்களுக்கு மிக முக்கியமானது. பயண முகவர்கள் இதைச் சொல்வதில்லை. அவர்கள் வேலை டிக்கெட்டோடு முடிந்துவிடுகிறது.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி, சவுத்தால் பக்கமெல்லாம் நம்மவர் கடைகள் நிறைய உண்டு. இங்கிருந்து போகிற நம் வணிகர் ஒருவர் அப்படி ஒரு கடை வைத்திருக்கும் தாய்மாமன் வீட்டில் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு நாள் ஊர் பார்ப்பார். மூன்றாம் நாள் காலையில் மாமா கடை திறக்கப் போகும்போது சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்க நம்மவருக்கு மனம் வராது. கடைக்குப் போவார். அரிசி மூட்டையை நகர்த்துவார். கூட்டம் சேர்ந்தால், “மாமா, நீங்க அந்தப் பக்கம் பாருங்க, நான் இதைப் பார்த்துக்கிறேன்” என்று கல்லாவில் நின்றுவிடுவார். சம்பளம் வாங்கவில்லை. உறவுக்குச் செய்த உதவி. பிறந்தது முதல் கடையிலேயே வளர்ந்தவருக்கு இது தப்பென்று தோன்றவே தோன்றாது.

ஆனால் பிரிட்டிஷ் விதியின் கண்ணில் இது வேலை. சம்பளம் வாங்காவிட்டாலும் வேலைதான். பார்வையாளராக வந்தவர் அங்கே வேலை செய்யக்கூடாது, பொதுமக்களுக்கு நேரடியாகப் பொருள் விற்கக்கூடாது. பரிசோதனைக்கு அதிகாரிகள் வரும் நேரத்தில் இவர் கல்லாவில் நின்றிருந்தால் இவருக்கு வரும் துன்பம் ஒரு பக்கம். மாமாவுக்கு வருவது அதைவிடப் பெரிது. அனுமதியில்லாத ஆளை வேலைக்கு வைத்த முதலாளிக்கு விதிக்கும் அபராதத்தை 2024 பிப்ரவரி 13 முதல் அந்த அரசு மும்மடங்காக உயர்த்திவிட்டது. முதல் முறை பிடிபட்டால் ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை. மறுமுறை என்றால் 60,000 வரை. முதல் தொகையே நம் கணக்கில் இரண்டு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல். ஒரு சின்ன மளிகைக் கடை அதைத் தாங்குமா? அன்போடு வரவேற்றுச் சோறு போட்ட வீட்டுக்கு மருமகன் கொடுத்துவிட்டு வரும் பரிசாக அது ஆகிவிடக் கூடாது. கடைக்குப் போங்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுங்கள், அடுக்கி வைத்திருக்கும் முறையைப் பாருங்கள். கல்லாவுக்கும் தராசுக்கும் அந்தப் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

அப்படியானால் வியாபாரக் காரியமாகப் போகவே கூடாதா என்றால், நன்றாகப் போகலாம். அதற்குத் தனி விசாவும் வேண்டாம், இதே ஈடிஏ போதும். கூட்டங்களில் கலந்துகொள்ளலாம். விலை பேசலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். ஒரு கிடங்கையோ ஆலையையோ சுற்றிப் பார்க்கலாம். வணிகக் கண்காட்சிக்குப் போகலாம். உங்கள் பொருளை அங்கே அறிமுகப்படுத்தவும் செய்யலாம். அந்தச் சாவடியில் நின்று பொட்டலத்தைக் காசுக்கு விற்கத்தான் கூடாது. மிளகாய்த்தூளை ருசி பார்க்கக் கொடுத்து, விலைப்பட்டியல் நீட்டி, ஆர்டர் பேசுவது விளம்பரம். ஐந்து பவுண்டு வாங்கிக்கொண்டு பொட்டலத்தை நீட்டினால் விற்பனை. கோடு அவ்வளவு மெல்லியது.

இங்கே இருக்கும் கடையை அங்கிருந்து தொலைபேசியில் நடத்தலாமா என்றும் கேட்கிறார்கள். நடத்தலாம். 2024 ஜனவரி 31 முதல் விதியே இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. பயணத்தின் முக்கிய நோக்கம் அதுவாக இல்லாதவரை, சொந்த நாட்டிலுள்ள தொழிலைத் தொலைவிலிருந்து கவனித்துக்கொள்ளத் தடையில்லை. கிள்ளான் கடைக்கு வெங்காயம் எத்தனை மூட்டை இறக்குவது என்று லண்டனில் இருந்தபடி சொல்வதை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். (நேர வித்தியாசத்தைக் கவனிக்கவும். நம் ஊர் மொத்தச் சந்தை சூடுபிடிக்கும் நேரத்தில் அவர்களுக்கு இரவு.)

மற்றொன்று, திருமணம். பிறர் திருமணத்துக்குப் போக ஈடிஏ போதும். அங்கே போய்த் தாமே திருமணம் செய்துகொள்ளப் போகிறவருக்கு அது போதாது. அதற்கென்று தனி விசா உண்டு. மணமகனை ஈடிஏயில் அனுப்பிவிட்டுப் பிறகு தவிக்க வேண்டாம்.

அதிகாரி முன்னால்

ஈடிஏ கிடைத்துவிட்டதால் உள்ளே விட்டே ஆக வேண்டும் என்று பொருளில்லை. அது விமானம் ஏறுவதற்கான அனுமதி. உள்ளே விடுவதா இல்லையா என்பதை எல்லையில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்வார். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 2019 முதல் அங்கே தானியங்கிக் கதவு வழியாகப் போய்விடுகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. வரிசையில் நின்று அதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கேள்விகள் கடினமானவை இல்லை. எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், செலவுக்கு என்ன வழி, எப்போது திரும்புகிறீர்கள். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த ஆள் திரும்பிப் போவாரா? கடை வைத்திருப்பவருக்கு இதில் ஒரு பலம் உண்டு. கடையை விட்டுவிட்டு யாரும் ஓடிப்போக மாட்டார்கள். எஸ்எஸ்எம் பதிவுச் சான்றின் நகல், திரும்பி வரும் டிக்கெட், தங்கப்போகும் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும், கண்காட்சி என்றால் அதன் நுழைவுப் பதிவு, திருமணம் என்றால் பத்திரிகை இவற்றை ஒரு கோப்பில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளவும். பெட்டிக்குள் வைத்துவிட்டால் அங்கே எடுத்துக்காட்ட முடியாது. பெட்டி அதிகாரியைத் தாண்டிய பிறகுதான் கைக்கு வரும். “கடையில மாமாவுக்கு உதவப் போறேன்” என்று வாய்தவறிக்கூடச் சொல்ல வேண்டாம் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் சரியான யோசனை, அந்த எண்ணத்தையே இங்கேயே விட்டுவிட்டுப் போவதுதான்.

உறவுக்கென்று பெட்டியில் அடுக்கும் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். பயண அனுமதிக்கும் சுங்கத்துக்கும் சம்பந்தமில்லை. நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் இறைச்சியையும் பால் பொருள்களையும் பிரிட்டனுக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டில் உருக்கிய நெய்யும் பால்கோவாவும் அதில் சேரும். விற்பனை மாதிரிகள் கொண்டுபோகிறவர்கள் அவற்றைச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

மற்ற நாடுகள்

இந்த முறைக்கு முன்னோடி ஆஸ்திரேலியா. 1996லேயே தொடங்கிவிட்டார்கள். அங்கே போக நம் கடப்பிதழுக்கு ஈடிஏ உண்டு. அவர்களுடைய செயலி வழியாகவே எடுக்க வேண்டும், சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். ஓர் ஆண்டு செல்லும். ஒரு முறைக்கு மூன்று மாதம் தங்கலாம். நியூசிலாந்து 2019 அக்டோபர் 1 முதல் கேட்கிறது. அங்கே அனுமதிக் கட்டணம் சிறிது. அதோடு சேர்த்து வாங்கும் பார்வையாளர் தீர்வைதான் பெரிது, 2024 அக்டோபரில் அதை 35 டாலரிலிருந்து 100 டாலராக்கிவிட்டார்கள். தென்கொரியாவின் கே-ஈடிஏ 2021இல் வந்தது.

அமெரிக்காவின் ‘எஸ்டா’வைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 2009 ஜனவரி 12 முதல் அது அங்கே கட்டாயம். ஆனால் விசா விலக்குத் திட்டத்தில் உள்ள நாட்டவர்களுக்கு மட்டுமே அது உரியது. சிங்கப்பூரும் புருணையும் அதில் இருக்கின்றன, மலேசியா இல்லை. மலேசியக் கடப்பிதழுக்கு எஸ்டா எடுத்துத் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால், தன்னிடம் இல்லாத சரக்குக்கு முன்பணம் கேட்கிறார் என்று கொள்ளவும். கனடாவும் அப்படியே, நமக்கு அங்கே விசாதான்.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு நாம் 180 நாளில் 90 நாள் விசா இல்லாமல் போகலாம். 2025 அக்டோபர் 12 முதல் அவர்கள் எல்லையில் முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகமும் பதியும் முறையைத் தொடங்கினார்கள். அடுத்து ‘ஈடியாஸ்’ என்ற பெயரில் இதே போன்ற முன் அனுமதியை 2026இன் கடைசிக் காலாண்டில் கொண்டுவருவதாகவும், கட்டணம் 20 யூரோ என்றும் அறிவித்தார்கள். அது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பாரிஸின் சியால் உணவுக் கண்காட்சி இரட்டைப்படை ஆண்டுகளிலும், ஜெர்மனியில் கொலோன் நகரின் அனுகா ஒற்றைப்படை ஆண்டுகளிலும் நடைபெறுகின்றன; இரண்டுமே அக்டோபரில்தான். அவற்றுக்குப் போக எண்ணியிருப்பவர்கள், ஈடியாஸ் நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பதை ஹோட்டல் அறை பதிவு செய்யும்போதே ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளவும். பிரிட்டனுக்கு எடுத்த ஈடிஏ அங்கே செல்லாது.